சுரப்பு ஊசி

மார்ச் 4, 2025, செவ்வாய்

மாடியில் காயப்போட்ட வேட்டியில் மறுபடியும் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மாநகராட்சிக்குப் பதினான்காவது மனுவை எழுதி உறையில் போட்டுவிட்டேன். பதில் வராது. பதினைந்தாவதும் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று ஒருவனும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுவேன்.

மகள் சிவந்திக்கு நாள் நெருங்குகிறது. முப்பத்து நாலு வயதில் முதல் பிரசவம். பிள்ளை பெற்றதும் நேராகத் திருவொற்றியூருக்கு, எங்கள் வீட்டுக்கு வருவாள். அதுதான் முறை. தொண்ணூறு நாள் தாய்வீடு. உள்ளறையை அவளுக்கும் என் மனைவி ராமசெல்விக்கும் விட்டுவிட்டு நான் முன்னறையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

ராமசெல்வி அரிசி களைந்துகொண்டே, "ஒம்பது வருசமா அங்கதான படுக்கீய. புதுசா என்னத்த விட்டுக் குடுக்கீய?" என்றாள்.

விலக்கியது என் மனைவி. விலகிப் போனது மட்டும்தான் நான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மார்ச் 9, ஞாயிறு

ராயபுரத்தில் ஆஸ்பத்திரி. மகளுக்கு வலி சரியாக எடுக்கவில்லை என்று பாட்டில் ஏற்றினார்கள். நர்ஸ் வாசல் பக்கத்து மேசையில் ஒரு சின்னக் குப்பியை உடைத்தாள். அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தேன். ஆங்கிலம் எனக்குப் படிக்க வரும். மாட்டு டாக்டர் மறந்துவிட்டுப் போன புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டவன்.

ஆக்சிடோசின்.

என் மாட்டுக் கொட்டகையில் அதற்குப் பெயர் சுரப்பு ஊசி. கன்று செத்த எருமை பாலை இறக்காது. கழுத்தில் ஒரு குத்து குத்தினால் இரண்டு நிமிடத்தில் மடியில் பால் இறங்கிவிடும். லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் திருட்டுத்தனமாக வரும். இருபத்திரண்டு வருடம் என் கையால் போட்டிருக்கிறேன்.

நர்ஸின் கையைப் பிடித்துவிட்டேன். "ஏம்மா, எம் மவள எருமைன்னு நெனச்சியா? இது மாட்டு ஊசி!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காவலாளி வந்தான். நான் விடவில்லை. அப்போது ராமசெல்வி, இருபது பேர் கேட்க, குரலைக் கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"எனக்கே இந்த ஊசியப் போடணும்னு சொன்ன ஆளுதான இவரு. இப்ப மவளுக்குன்னதும் துடிக்காரு."

என் கை தானாக விட்டுவிட்டது.

மார்ச் 10, திங்கள்

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. இருவரும் நலம்.

ராமசெல்வி சொன்னாளே, அப்படிச் சொன்னேனா? எப்போது சொன்னேன் என்று காலையிலிருந்து யோசிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னேன். எங்கே, எப்போது, யார் முன்னால் என்று எல்லாம் தெரியும். இந்த நோட்டிலுமா நடிப்பது?

மார்ச் 12, புதன்

டாக்டர் ஜெஸ்லின் கூப்பிட்டு அனுப்பினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், சிவந்தி வயதுதான் இருக்கும். திட்டப்போகிறார் என்று மூன்று பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார்.

"நீங்க படிச்சது சரிதான் ஐயா. அதே மருந்துதான். ஆனா மாட்டுக்குள்ளயும் மனுஷிக்குள்ளயும் அது தானாவே சுரக்கும். மூளையிலருந்து வருது. பிரசவத்துல கர்ப்பப்பையைச் சுருக்கும். பிள்ளை வாய் வைச்சா பாலை இறக்கும். அது குறைவா வர்ற நேரத்துல, அளந்து, பாத்துப் பாத்து நாங்க குடுப்போம்."

அளந்து. நான் எதை அளந்தேன்?

"அதுக்கு மட்டும் இல்ல. பிரியமானவங்க தொட்டா, கட்டிப்பிடிச்சா, கணவன் மனைவி சேர்ந்து இருந்தாக்கூட சுரக்கும்" என்றார். ஒரு இளம்பெண் அறுபத்தாறு வயதுக்காரனிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். "மகளோட வார்டுல நீங்க பேசினதவிட இது மரியாதையாத்தான் இருக்கு" என்றார்.

மூன்று பதில்களில் ஒன்றும் உதவவில்லை.

மார்ச் 15, சனி

கமாலின் டீக்கடைக்குப் போனேன். வண்ணாரப்பேட்டைக்காரன். என் கொட்டகைக்குத் தவிடும் புண்ணாக்கும் இறக்கியவன். நான் அதைச் சொன்ன அன்று அவனும் கொட்டகையில் இருந்தான். நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடமாட்டானா என்ற ஆசை.

"எது? அண்ணிக்கு ஊசி போட்டாத்தான் வழிக்கு வரும்னியே, அதுவா? மறக்குமா அண்ணாத்தே! நாங்க நாலு பேரும் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சோம். திரும்பிப் பாத்தா அண்ணி டீ எட்த்துகினு நிக்கிது. கிளாஸ அப்டியே கீழ வெச்சிட்டுப் போயிருச்சு."

"நீ ஏண்டா அன்னைக்கே ஒண்ணும் சொல்லல?"

"நான் சொல்லி நீ கேட்டுகினு தான் மறுவேல பாப்ப! வூட்ல போயி என் பொஞ்சாதியாண்ட சொன்னேன். ரெண்டு நாளு எனக்குச் சோறு போடல. பேசினவன் நீ, பட்டினி நானு. இன்னா நியாயம் இது?"

அவன் சிரித்தான். நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று எழுதியது பாதிதான். அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது.

கறவைக்காரன் வீட்டில் இரவு என்று ஒன்று கிடையாது. விடியுமுன் இரண்டரைக்கு ஒரு கறவை, மதியம் இரண்டரைக்கு ஒரு கறவை. புருஷன் பெண்டாட்டியாக எங்களுக்கு இருந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டாம் கறவைக்கும் நடுவில் ஒரு மணி நேரம். சுவரில் கடிகாரம். பாதிக் கண் அதில் இருக்கும். சாணி வாடையோடு போவேன், கறவை நேரத்துக்கு எழுந்து வருவேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான். அவளுக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது.

அவளுக்கு நாற்பத்தொன்பது ஆனபோது வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்று நான்கு மாதம் சொன்னாள். சாக்கு என்று நினைத்தேன். என் வாடை பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் மதியம் "போதும்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

எனக்குக் கேட்டது.

கேட்டும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வரவில்லை. ஐந்தாம் நாள் கொட்டகையில் நாலு பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னேன். அன்றே பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். ஏதோ எனக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது போல. ஒன்பது வருடமாக அப்படியே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து சிவந்தி இங்கே வரவில்லை. காத்திவாக்கத்தில் தன் வீட்டுக்கே போய்விட்டாள். "அம்மா அங்க வரட்டும்" என்றாளாம். தெருவில் கேட்பார்களே, என்ன சொல்வது என்று கத்தினேன். ராமசெல்வி காதில் வாங்காமல் தகரப் பெட்டியிலிருந்து பழைய பருத்திச் சேலைகளைப் பிள்ளைத் துணிக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடியில் அந்தச் சுரப்பு ஊசி பாட்டில் கிடந்தது. கொட்டகையை ஊருக்கு வெளியே கொண்டுபோ என்று மாநகராட்சி எடுக்கவைத்தபோது மிஞ்சியது. கால்வாசி மருந்து இருந்தது. ஏன் வைத்திருந்தேன்? சத்தியமாகத் தெரியாது. கொட்டகையின் ஆணி, கயிறு என்று எதையும் தூக்கிப்போட மனம் வராமல் வைத்தவன் நான்.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாருக்குப் போட வச்சிருக்கீய?"

"செல்வி..."

"இல்ல, கேக்கேன். மாடெல்லாம் போயி ஆறு வருசமாச்சே."

பாட்டிலைத் தரையில் நிமிர்த்தி வைத்தாள், அன்று டீ கிளாஸை வைத்தது போல. மற்ற சேலைகளையும் எடுத்தாள். பிள்ளைத் துணிக்கு ஆகாத பட்டுச்சேலையையும் எடுத்தாள்.

"தொண்ணூறு நாளைக்குப் பட்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு நாளுன்னு யாரு சொன்னா?"

மார்ச் 20, வியாழன்

காலையில் பஸ் ஏறிவிட்டாள். பையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டாக்டர் ஜெஸ்லினிடம் போனேன். வரிசையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம். ஒரு பாட்டி "யாருக்கு ஐயா பாக்கணும்?" என்றாள். எனக்குத்தான் என்றேன்.

பாட்டிலை மேசையில் வைத்தேன். டாக்டர் கையுறை போட்டு எடுத்து மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டார். சந்தையில் வாங்கியதா, எப்போது வாங்கியது என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது சுலபமாக இருந்திருக்கும்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒருத்திக்கு வலிச்சுதுன்னா அது நெசமாத்தான் இருக்குமா?" என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதில் உள்ளே வறட்சி வரும், தோல் மெலிந்துபோகும், சேரும்போது நெருப்பு வைத்ததுபோல் எரியும் என்றார். மருந்து உண்டு, களிம்பு உண்டு, பாதிப் பெண்கள் வெட்கப்பட்டு வருவதே இல்லை என்றார். ஒன்பது வருடம். ராயபுரம் பஸ்ஸில் அரைமணி நேரம்.

"அந்த ஊசியை அவளுக்கு... இல்ல, தப்பா நினைக்காதீங்க. அது தானா சுரக்கும்னீங்களே. இனிமேலும் சுரக்குமா?"

"ஊசியும் மூக்குல அடிக்கிற ஸ்பிரேயும் பிரியத்தக் கொண்டுவராது ஐயா. இதுல ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். பயம் இருக்கிற இடத்துல அது சரியா வேலை செய்யாது. மாடு வளர்த்தவர்தானே, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் கொடுமை. நாய் குரைத்தால் எருமை பாலை மேலே ஏற்றிக்கொள்ளும். புது ஆள் மடியில் கை வைத்தால் ஒரு சொட்டு இறங்காது. அதற்காக வெந்நீரில் மடி கழுவுவேன், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், கன்றை முதலில் விடுவேன், அது கால் மாற்றி நிற்கும்வரை காத்திருப்பேன். ஊசி வந்த பிறகுதான் அதையெல்லாம் விட்டேன். மோழை என்று ஒரு கொம்பில்லாத எருமை. ஊசியைக் கண்டாலே உடம்பு நடுங்கும். நடுங்கட்டும், பால் வந்தால் போதும் என்று போட்டேன்.

அந்த மதியம் அவள் உடம்பு நடுங்கியதா என்று நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

கமால் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். "அண்ணாத்தே, காதல் ஹார்மோனாம். மூக்குல ஒரு அடி அடிச்சா அண்ணி பஸ்ஸு புட்ச்சி வந்துரும் போல கீது. ஆர்டர் போட்டுரவா?"

ஒரு கணம் விலை என்ன என்று பார்த்தேன். அந்த ஒரு கணத்தை எழுதிவைக்கிறேன்.

"பேஜாரு பண்ணாத, போடா" என்றேன். அவன் பாஷை என் வாயில் வந்ததைப் பார்த்து அவன் ரொம்ப நேரம் சிரித்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காசிமேட்டில் பால் சுறா வாங்கிக்கொண்டு காத்திவாக்கம் போனேன். பிள்ளைபெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும். வீட்டில் கூட்டம். மாப்பிள்ளையின் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள், டிவி. சிவந்தி அழுதுகொண்டிருந்தாள். குழந்தை வாய் வைக்கிறது, பால் இறங்கவில்லை. ஆளுக்கொரு யோசனை. நானும் பூண்டு போடு, அதைப் போடு என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராமசெல்வி என்னைப் பார்த்தாள். பார்த்ததே போதுமானதாக இருந்தது. இந்த அறையில் குரைக்கிற நாய் நான்தான்.

டிவியை அணைத்தேன். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கோபம். வரட்டும். சாலையோரத்தில் கால்வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. ராமசெல்வி வாசலுக்கு வந்து, "பிள்ள குடிக்கு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மறுபடியும் காத்திவாக்கம். அவள் பின்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆக்சிடோசின் மூளையில் எப்படிச் சுரக்கிறது என்பதில் தொடங்கினேன். மோழைக்கு வந்தபோது அவள் கையை நிறுத்தினாள்.

"மாட்டப் பத்திப் பேசாம ஒரு வார்த்த பேசத் தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியவில்லை. நின்றேன். வெயில் காலில் சுட்டது.

"அன்னைக்கு நீ போதும்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "கேட்டும் நிறுத்தல. அப்புறம் நாலு பேரு முன்னால உன்னய அப்படிப் பேசினேன். ரெண்டும் நான் செஞ்ச தப்பு. உன்மேல ஒண்ணும் இல்ல."

என் அப்பாவிடம்கூடத் தப்பு என்று சொன்னவன் இல்லை நான்.

அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். அதை உரித்தாள். இன்னொன்றையும் உரித்தாள்.

"ஒங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சி மனச ஆத்திக்கிட்டேன் இத்தன நாளா" என்றாள்.

பிறகு, "போங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லாமலே இருந்திருக்கலாமோ? அவளுக்கு இருந்த ஒரு ஆறுதலையும் பிடுங்கிவிட்டேனோ? என் பாரம் குறையத்தான் சொன்னேனா?

குறையவும் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ராமசெல்வியே போன் செய்தாள். "அந்த டாக்டரப் பாக்கணும். சிவந்தி சொல்லுதா." ராயபுரம் போனோம். பஸ்ஸில் தனித்தனி இருக்கை. டாக்டர் அறை வாசலில், "நீங்க இங்க இருங்க" என்றாள்.

இருந்தேன். நாற்பது நிமிடம். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. மருந்துச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரிந்தவன் நான், சீட்டைக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான் என்றால் கமால் நம்பமாட்டான்.

வெளியே வந்து இளநீர் குடித்தோம். "ஒம்பது வருசத்துக்கு முன்னாடியே வந்திருக்கணுமாம்" என்றாள். அந்த வாக்கியத்தில் என் பெயர் இல்லை. ஆனாலும் முழுக்க என் பெயர்தான்.

மே 11, ஞாயிறு

பதினைந்தாவது மனுவை அனுப்பினேன். கொட்டகையை எடுக்கவைத்த மாநகராட்சிக்காரர்களை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். அது வேறு கணக்கு.

மே 17, சனி

படிகாரக் கல்லையும் நுரைக்கல்லையும் வைத்துக் கட்டைவிரலைத் தேய்த்தேன். விரலை மடக்கிக் கறந்தவர்களுக்குக் கட்டைவிரல் முட்டியில் காய்ப்பு ஏறும். ஆறு வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. தேய்த்தால் கொஞ்சம் மழுங்குகிறது. எதற்குத் தேய்க்கிறாய் என்று என்னையே கேட்டேன். பதில் எழுதமாட்டேன்.

ஜூன் 7, சனி

தொண்ணூறு நாள் நாளையோடு முடிகிறது. நான் கூப்பிடமாட்டேன். பிடிவாதம் இல்லை. கூப்பிட்டால் அவள் வரவேண்டியதாகிவிடும்.

ஜூன் 12, வியாழன்

மதியம் வந்தாள். பட்டுச்சேலை இருந்த பையும் கையில். பையை வாங்கப் போனேன். கொடுத்தாள். "வீடு என்ன இப்பிடி நாறுது?" என்றாள். உள்ளறையில் அவள், முன்னறையில் நான்.

ஜூன் 21, சனி

மூன்று மாதமாகப் பேத்தியைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடது தோளில் பிடிப்பு. மூன்று நாளாகக் கை தூக்க முடியவில்லை. இன்று மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவைத்தேன். உள்ளறையிலிருந்து, "நல்லெண்ணெய கொஞ்சம் சுட வச்சிக் கொண்டாங்க" என்றாள்.

கொண்டுபோனேன். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நானே எப்பிடித் தேய்ச்சிக்கிடுவேன்? கை எட்டுமா?"

"தொடலாமா?"

முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்ட கேள்வி. பதில் வர நேரமானது. நின்றேன்.

"ம்."

பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். முதலில் மரக்கட்டை மாதிரி இருந்தது. அழுத்தவில்லை. எண்ணெய் ஆறும்வரை வெறுமனே வைத்திருந்தேன். கட்டைவிரல் குத்துகிறதா என்று கேட்டேன். "குத்துது. பரவால்ல" என்றாள். மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. மூச்சு இறங்கியது. வெளியே துறைமுக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து என் மார்பில் பட்டது. எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் எதிரில்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை.

"போதும்" என்றாள்.

கையை எடுத்துவிட்டேன்.